மகளின் லேப்டாப்பில் லினக்ஸ்

விவாகரத்துக்குப் பிறகு நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். மகள் கிள்ளானில் அவள் அம்மாவோடு இருக்கிறாள். எனக்கும் மகளுக்கும் நடுவே மிச்சமிருந்த பேச்செல்லாம் லினக்ஸ் சாக்கில் வந்ததுதான். கேட்டால் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

கல்லூரியில் அவளுக்கு லினக்ஸ் என்கிற இயங்குதளத்தில் பாடம். கையில் இருந்ததோ விண்டோஸ் லேப்டாப். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்ட வழி இருக்கிறது. நான்தான் போய் ஏற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு பல சனிக்கிழமைகளில் காலையிலேயே செய்தி வரும்: "பா, லினக்ஸ் திரும்ப ரோசாக்லா. வர்றீங்களா?" ஒரு சாமான் பழுதானதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சூடாக வடை வாங்கிக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறிவிடுவேன்.

கோளாறு எப்போதும் ஒன்றேதான். புரோகிராமை அவள் விண்டோஸ் நோட்பேடில் எழுதுவாள். அது ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைக் கூடுதலாக வைக்கும். லினக்ஸுக்கு அது ஆகாது, ஓட மறுத்துவிடும். ஒரே ஒரு கட்டளையில் அந்தக் குறிகளை நீக்கிவிடலாம். நீக்கிவிட்டு, வடை தீரும்வரை உட்கார்ந்திருப்பேன். அவள் வகுப்புக் கதைகள் சொல்வாள். அவள் அம்மா, விருந்தாளிகளுக்கு எடுக்கும் கப்பில் எனக்குத் தேநீர் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஒரு சனிக்கிழமை மகளின் முகம் வாடியிருந்தது.

"எல்லாரும் அசைன்மென்ட் சப்மிட் பண்ணிட்டாங்கப்பா. நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் உங்களுக்காக வெயிட் பண்றேன்."

வேறு எடிட்டர் ஒன்றைப் போட்டு, அதில் ஒரு செட்டிங்கை மாற்றினால் இந்தத் தொல்லை இனி வராது. அது எனக்குத் தெரியும். மாற்றிவிட்டால் இந்த வீட்டுக்கு வர எனக்கு வேறு சாக்கு இல்லை என்பதும் தெரியும். பிள்ளையின் படிப்பைக் கெடுத்து ரயில் ஏறுகிற அப்பனாக இருக்க மனம் ஒப்பவில்லை. மாற்றிவிட்டேன்.

ஓட்டிப் பார்த்தாள். ஓடியது.

"சூப்பர்பா! இனிமே நீங்க இவ்ளோ தூரம் அலைய வேணாம்லா."

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு வலித்தது.

அடுத்த சனிக்கிழமை செய்தி வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அறையில் பேச ஆளில்லாமல் ஃபேனைப் பார்த்தபடி படுத்திருந்தேன். கடைசியில் நானே கூப்பிட்டேன்.

"லினக்ஸ் எப்படிமா இருக்கு?"

"ஓகேப்பா. ஒரு பிரச்சினையும் இல்ல."

"விண்டோஸ் அப்டேட் ஏதும் வந்துச்சா?"

"வந்துச்சு. ஒண்ணும் ஆகல."

அவள் போனை வைக்காமல் காத்திருந்தாள்.

"வேற ஏதாச்சும் சொல்லணுமாப்பா?"

சும்மா உன்னைப் பார்க்க வரட்டுமா என்று கேட்க நினைத்தேன். வைஃபை நல்லா வருதா என்று கேட்டேன்.