அட்ராக்டாவின் தனிமைக்கு நேர்ந்த உபகாரம்

பாலிமோரன் தபால் ஆபீசில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தே அட்ராக்டா கடிஹியின் இளமையும் நடுவயதும் கழிந்தன. பென்ஷன் வாங்க வந்தவர்கள் பென்ஷனை மட்டும் வாங்கிக்கொண்டு போனதில்லை. மூட்டு வலி, மருமகள், மழை, நாயின் வயிற்றுப்போக்கு என்று ஒவ்வொன்றாகக் கண்ணாடியின் அடியிலிருந்த சந்து வழியாக உள்ளே தள்ளிவிட்டுத்தான் போனார்கள். பணத்தைச் சரியாகக் கொடுப்பதற்கு அரசாங்கம் சம்பளம் தந்தது. மற்றதைக் கேட்டுக்கொண்டதற்கு யாரும் எதுவும் தரவில்லை.

ஆகவே ஓய்வு பெற்ற நாளில், இனித் தன் மாலை நேரத்தில் ஒரு மனிதக் குரலும் நுழையக்கூடாது என்று அவள் தீர்மானித்தாள். ஆறு மணிக்குக் கணப்பை மூட்டுவாள். காலணியைக் கழற்றுவாள். ரேடியோவைப் போடமாட்டாள். மடியில் புத்தகம் கிடையாது, கம்பளிப் பின்னல் கிடையாது, பூனைகூடக் கிடையாது. ஒன்பது மணிவரை சும்மா உட்கார்ந்திருப்பாள். உலகத்தில் இவ்வளவு மலிவான சுகம் வேறொன்று இருக்கிறதா என்று அவ்வப்போது அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

கல்யாணம் செய்துகொள்ளாத பெண், தனி வீடு, ஜன்னலில் ஒரே ஒரு விளக்கு. இதைப் பார்த்த ஊர், பாவம், துணையில்லாமல் வாடுகிறாள் என்று தனக்குத் தெரிந்த ஒரே முடிவுக்கு வந்தது. ஆனால் எதையும் வாய்விட்டுச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வேண்டுமே, அதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தது.

அந்தச் சந்தர்ப்பத்தை ஊர்ப் பிள்ளைகள் உண்டாக்கிக் கொடுத்தார்கள். அந்த வசந்த காலத்தில் பாலிமோரனில் சமூக விரோதம் தலைவிரித்தாடியது. சூப்பர் மார்க்கெட்டின் தள்ளுவண்டி ஒன்று ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தது. சதுக்கத்தில் தொங்கிய பூக்கூடை, அயர்லாந்து விடுதலைக்காக உயிர் விட்ட உள்ளூர் வீரரின் சிலைக்குத் தொப்பியானது. இருட்டியதும் வீடு வீடாக அழைப்பு மணியை அடித்துவிட்டு ஓடினார்கள். அட்ராக்டாவின் வீடு தெரு முனையில், ஓடுவதற்குத் தோதாக இருந்ததால், அவளுக்குப் பங்கு கொஞ்சம் அதிகம். அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. மணி அடிக்கும், எழுந்து போகவேண்டிய அவசியமில்லை, வந்தவர் போய்விட்டிருப்பார். விருந்தாளி என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் கோல்மன் டார்பி அப்படி நினைக்கவில்லை. மாவட்டச் சாலைத் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேற்பார்வையை மட்டும் இன்னும் விடவில்லை. தேவாலய மண்டபத்தில் கூட்டம் போட்டார். போனால் நேரம் வீண். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று நான்கு பேர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். அட்ராக்டா போனாள்.

"முதல்ல ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன்," என்று ஆரம்பித்தார் கோல்மன். "இது நம்ம ஊர்ப் பிள்ளைங்க வேலையே இல்ல."

"இல்லவே இல்ல," என்றது இரண்டாவது வரிசை. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் உட்கார்ந்திருந்த வரிசை அது.

"எல்லாம் அந்தப் பக்கத்து ஊர் கில்டன்னன்காரனுங்க. பஸ் ஏறி வந்து மணி அடிச்சிட்டுப் போறானுங்க."

"ஏழு மணிக்கு மேல கில்டன்னன்லேருந்து பஸ்ஸே கிடையாதே கோல்மன்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நடந்து வர்றானுங்கப்பா. அவ்வளவு கெட்டவனுங்க."

மண்டபம் நிம்மதியாக மூச்சு விட்டது. குற்றவாளி அயலூர்க்காரன் என்று தீர்மானமாகிவிட்டதால், இனிப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அனுதாபம் காட்டுவதில் யாருக்கும் சங்கடம் இல்லை. கோல்மன் மூன்றாவது வரிசையைப் பார்த்தார்.

"அட்ராக்டா, அதிகமா கஷ்டப்பட்டது நீங்கதான். நீங்க சொல்லுங்க."

பாலிமோரனில் வளர்ந்த எவருக்கும் ஒரு பேச்சை முடித்துவைக்கத் தெரியும். விஷயத்தைச் சின்னதாக்கி, ஓரத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக் கொடுத்துவிட்டால் போதும். அட்ராக்டாவும் அதைத்தான் செய்தாள்.

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல கோல்மன். யாரோ வந்து போறாங்கங்கிற மாதிரி, அதுவும் ஒரு துணைதானே."

யாரும் சிரிக்கவில்லை. ரொட்டி சுடுவதில் கெட்டிக்காரியான ஃபிலோ ஹெஷன் கைக்குட்டையை எடுத்தாள். கோல்மன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் அட்ராக்டாவுக்கு உறைத்தது.

மறுநாள் ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. அடித்தவர் ஓடவில்லை.

"இந்த ரொட்டியைக் குடுத்துட்டு உடனே ஓடிடறேன்," என்றாள் வாசலில் நின்ற ஃபிலோ.

"உள்ள வாங்க ஃபிலோ. ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்."

"ஐயோ, வேண்டாம். இப்பதான் வீட்ல குடிச்சேன்."

"அரை கப்."

"வேண்டாம்னா வேண்டாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"என்ன சிரமம்? கெட்டில் கொதிச்சிட்டே இருக்கு." கெட்டில் காலியாக அலமாரிக்குள் இருந்தது.

"சரி, நாக்கை நனைக்க ஒரு வாய். அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது."

இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மூன்று முறை உபசரிக்காமல் ஒருவரை வாசலோடு அனுப்பினால், அந்தக் குடும்பத்தின் கருமித்தனம் பேரப்பிள்ளைகள் காலம் வரை பேசப்படும். இரண்டாவது உபசாரத்திலேயே ஒப்புக்கொள்கிறவள், வீட்டில் பட்டினி கிடக்கிறவள். அட்ராக்டாவுக்கு டீ கொடுக்க விருப்பமில்லை. ஃபிலோவுக்குக் குடிக்க விருப்பமில்லை. இரண்டு பேரும் மரியாதை தெரிந்தவர்கள் என்பதால் ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்புவரை குடித்தார்கள்.

அதற்கு மறுநாள் கோல்மன் வந்தார். பிறகு தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து இரண்டு பேர். பிறகு மறுபடி ஃபிலோ, இந்த முறை ஆப்பிள் பணியாரத்தோடு. சங்கம் முறை வைத்துக்கொண்டு அனுப்புகிறது என்பது அட்ராக்டாவுக்குப் புரிந்தது. குளிர்பெட்டியில் பணியாரங்கள் நிரம்பி, பட்டாணிக்கு இடமில்லாமல் போனது. வாசலில் எப்போதும் ஒரு பெரியவர் நின்றதால் பிள்ளைகள் அந்தப் பக்கமே வருவதில்லை. சமூக விரோதத்தைச் சமூக உணர்வு வென்றுவிட்டது என்று மாவட்டப் பத்திரிகை படத்தோடு செய்தி போட்டது. படத்தின் நடுவில் அட்ராக்டா பணியாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தப்பிக்க அவள் முயலாமல் இல்லை. ஒரு நாள் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து பார்த்தாள். வெளியே கவலையான குரல்கள் கூடின; கடைசியில் போலீஸ் சார்ஜென்ட், ஜெரேனியம் தொட்டியை மிதித்துக்கொண்டு சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே இறங்கினார். அவள் உயிரோடு இருப்பதைக் கண்டு தெருவே கைதட்டியது. இன்னொரு நாள், அத்லோனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சும்மா சொல்லிவைத்தாள். "பஸ்ல எதுக்குப் போறீங்க?" என்று கோல்மன் தன் காரிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார். எதிர்பாராத அக்காளைக் கண்ட தங்கை முகம் சுளித்தாள். தனிமையை விரும்புவது அந்தக் குடும்பத்தில் இருவருக்கும் உண்டு.

தங்கை வீட்டு விருந்தினர் அறையில் மல்லாந்து படுத்திருந்தபோதுதான் அட்ராக்டாவுக்கு லூக் ஃபீரிக்கின் நினைவு வந்தது. லூக் ஒரு காலத்தில் தபால் ஆபீஸ் வரிசையில் நிற்பான். எப்படி இருக்கிறாய் என்று யாராவது கேட்டால், எல்லாரையும்போல "நல்லா இருக்கேன்" என்று சொல்லமாட்டான். நன்றாக இல்லை என்று சொல்லி, ஏன் இல்லை என்பதையும் விளக்குவான். அவன் நிற்கும் வரிசை கொஞ்ச நேரத்தில் காலியாகிவிடும். ஊர் உதவி செய்யும், உயிரையும் கொடுக்கும்; ஆனால் வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்கு மட்டும்தான். ஆமாம், வேண்டும் என்று ஒருவன் சொல்லிவிட்டால் அதை என்ன செய்வதென்று பாலிமோரனில் யாருக்கும் தெரியாது.

அடுத்த முறை ஃபிலோ கோட்டை எடுக்கக் கை நீட்டியதும் அட்ராக்டா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க ஃபிலோ."

"என்னது?"

"தனியா இருக்க முடியல. ரொம்பக் கஷ்டமா இருக்கு. நாளைக்கும் வாங்க. ஞாயித்துக்கிழமையும் வாங்க. ராத்திரி இங்கயே தங்கிட்டாலும் எனக்கு சந்தோஷம்தான்."

ஃபிலோ கோட்டின் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டாள். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். பாடகர் குழுவினரிடம், தன் அம்மா இறந்த கதையை முதலிலிருந்து சொல்லட்டுமா என்று அட்ராக்டா கேட்டாள். அவர்களுக்கு உடனே ஒத்திகை ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளில் ஒருவருக்கு முதுகு வலி, இன்னொருவருக்குப் பேரன் ஞானஸ்நானம் என்று வருகை நின்றுபோனது. கடைத்தெருவில் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்து, அங்கிருந்து "பாவம்" என்றார்கள். மானம் போனதுதான். ஆனால் விலையைப் பார்த்தால் சல்லிசு என்றே அவளுக்குத் தோன்றியது.

ஒருவர் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. கோல்மன் டார்பி இப்போது தினமும் வந்தார்.

"போகாதீங்க கோல்மன்," என்று அவரிடமும் சொல்லிப் பார்த்தாள்.

"நான் எங்க போகப்போறேன்?" என்று இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார். பத்து மணிவரை இருந்தார். கில்டன்னன் புறவழிச்சாலையை எந்த வளைவில், யாருடைய மச்சானுக்காக வளைத்தார்கள் என்பதை விளக்கினார். அது நீளமான சாலை.

தந்திரங்கள் தீர்ந்துபோன நிலையில், அட்ராக்டா பாலிமோரனில் யாரும் துணியாத காரியத்தைச் செய்தாள். உண்மையைச் சொன்னாள்.

"கோல்மன், கோவிச்சுக்காதீங்க. எனக்குத் துணையே வேண்டாம். தனியா இருக்கத்தான் எனக்குப் பிடிக்கும். நீங்க வரவேண்டாம்."

கோல்மன் அவள் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க அட்ராக்டா. அதுக்காக விட்டுட முடியுமா?"

மறுநாள் காலை கசாப்புக்கடை வரிசையில், கோல்மனின் மனைவி டிம்ப்னா பன்றித் தொத்திறைச்சிக்காக நின்றுகொண்டிருந்தாள். அவளும் அட்ராக்டாவும் கன்னிமாடப் பள்ளியில் ஒரே பெஞ்சு. அட்ராக்டா அவளை ஓரமாக இழுத்தாள்.

"டிம்ப்னா, உன் புருஷனை வீட்ல வச்சுக்கடி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

டிம்ப்னாவின் முகம் வெளுத்தது. "ஐயோ, அவரைத் திருப்பி அனுப்பிடாதடி."

"ஏன்? சண்டையா?"

"சண்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நல்ல மனுஷன்தான்." டிம்ப்னா அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "ரிட்டயர் ஆனதுலேருந்து வீட்டுக்குள்ளயே இருக்காருடி. நான் கரண்டியை எடுத்தா, அந்தக் கரண்டி எதுக்குங்கறாரு. இப்பதான் தினம் உன் வீட்டுக்கு வர்றாரு. அந்த நேரத்துல நான் என்ன பண்றேன் தெரியுமா?"

"என்ன பண்றே?"

"ஒண்ணுமே பண்றதில்ல. ஷூவைக் கழட்டிட்டு நாற்காலில உட்கார்ந்திருக்கேன். டிவிகூடப் போடறதில்ல." அவளுக்கு வெட்கமாக இருந்தது. "நீ சிரிப்பே."

அட்ராக்டா சிரிக்கவில்லை. இந்த ஊரில் இப்படி ஒரு வார்த்தையை இன்னொரு வாயிலிருந்து கேட்போம் என்று அவள் நினைத்ததே இல்லை. நல்ல செய்திதான். ஆனால் இருப்பது ஒரே கோல்மன். அமைதி வேண்டிய பெண்கள் இரண்டு.

"வாரத்துக்கு ரெண்டு நாள் வச்சுக்கறேன்," என்றாள் கடைசியில்.

"அஞ்சு."

"ரெண்டுதான்டி. எனக்கும் காது இருக்கு."

"மூணு. மிச்ச நாளைக்கு எப்படியாவது பாடகர் குழுவுல சேர்த்துவிடறேன்."

"அவருக்குப் பாட வராதே."

"நம்ம ஊர்க் குழுவுல அதெல்லாமா பார்க்கறாங்க?"

அட்ராக்டா யோசித்தாள். "சரி, மூணு. ஆனா ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலத்துல கிடையாது."

"நோன்புக் காலம் நாப்பது நாளாச்சே! அத்தனை நாளும் நான் என்னடி பண்ணுவேன்?"

"நோன்பு எதுக்கு இருக்கு? கஷ்டப்படத்தானே."

திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கோல்மன் வந்தார். ஃபிலோவும் மற்றவர்களும் கைவிட்டதைப் பற்றி வருத்தப்பட்டார். தான் கைவிடப்போவதில்லை என்று உறுதி சொன்னார். புறவழிச்சாலையின் இரண்டாவது வளைவு வரை வந்தவர், எட்டு மணிக்குத் திடீரென்று கொட்டாவி விட்டு எழுந்தார்.

"இன்னிக்கு என்னமோ களைப்பா இருக்கு. சீக்கிரம் கிளம்பறேன். டிம்ப்னா தனியா இருப்பா."

கதவு நான்கடி தூரத்தில் இருந்தது. அவரே போகிறேன் என்கிறார். அட்ராக்டா செய்யவேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருப்பது மட்டும்தான். அதில் அவளுக்கு இணையாக அந்த ஊரில் ஆளில்லை.

"உட்காருங்க கோல்மன்," என்றாள். "அந்த மூணாவது வளைவைப் பத்தி நீங்க இன்னும் சொல்லவே இல்லையே."