வடகோடு தெரிய ஒரு கண்ணாடி

மலைமேல் இருக்கும் எங்கள் பைல் நாட்டுச் சிற்றூரில் வைகாசி மூன்றாம் பிறையைப் பார்த்த பிறகுதான் சாமை விதைப்பார்கள். மேற்கே பார்த்து நிற்கும்போது பிறையின் வலப்பக்கத்து முனை, அதாவது வடகோடு, உயர்ந்திருந்தால் மழை உண்டு. தென்கோடு உயர்ந்திருந்தால் விதைப்பைத் தள்ளிப்போட வேண்டும். பிறை எல்லோருக்கும் தெரியும்தான். ஆனால் என் மாமனார் பார்த்துச் சொல்லும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அது அவர் வீட்டு முறை.

அந்த வருடம் அவருக்குத் தூரப் பார்வை மங்கிவிட்டது. கையிலிருக்கும் மிளகில் சொத்தையைப் பொறுக்கிவிடுவார். பிறை மட்டும் வெள்ளைத் தீற்றலாகத் தெரிந்தது. பார்வை போனவர் பிறை சொல்ல முடியாது. முறை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். இதை அவர் என்னிடமும் என் மனைவியிடமும்தான் சொன்னார். மூக்குக் கண்ணாடி போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அதற்கும் ஒப்பவில்லை.

என்னிடம் ஒரு சின்னத் தொலைநோக்கி இருந்தது. காப்பித் தோட்டத்து முதலாளி பங்களாவைக் காலி செய்தபோது அவரிடம் வாங்கியது. கூட்டத்தோடு பேசிப் பழகாத எனக்கு வியாழனும் அதன் குட்டி நிலவுகளும் நல்ல துணை. சித்திரைப் பிறையன்று அதை மாமனாரின் கண்ணுக்கு ஏற்றபடி திருகி வைத்தேன்.

"தெரியுதுங்களா மாமா?"

"நல்லாத் தெரியுதுங்க மாப்ள. ஆனா சட்டி கவுந்தாப்ல கெடக்குதே!"

"அப்ப மழ பூராவுங் கொட்டிப்போச்சு" என்று என் மனைவி சிரித்தாள்.

அந்தக் குழாய் எதையும் தலைகீழாகத்தான் காட்டும். மனதுக்குள் நிமிர்த்திப் பார்த்துக்கொள்ளலாமே என்றேன். அவர் ஒப்பவில்லை. "கண்ணு பாத்ததத்தானுங்க வாய் சொல்லோணும். கணக்குப் போட்டுச் சொன்னா அது பிறை சொல்றதாகுமா?"

தொலைநோக்கியைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் போனேன். நிமிர்ந்து தெரிய வழி உண்டா என்று கேட்டதும், அங்கே மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர், குழாயின் பின்னால் மாட்டும், முழங்கைபோல் மடங்கிய இரண்டு துண்டுகளை எடுத்து வைத்தார். டயகனல் என்றார். ஒன்றுக்குள் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற தகடு. மற்றதற்குள் பட்டை தீட்டிய கண்ணாடிக் கட்டி.

தகட்டை மாட்டி எதிர்க்கடைப் பலகையைப் பார்த்தேன். எழுத்துகள் பளிச்சென்று நிமிர்ந்து நின்றன. ஆனால் இடம் வலமாகத் திரும்பியிருந்தன. கட்டியை மாட்டியதும், மூன்றாம் வகுப்போடு நின்ற நானே 'ஜவுளி' என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். வெளிச்சம்தான் சற்றுக் குறைவு. நடுவில் மெல்லிய கோடு ஒன்றும் தெரிந்தது.

"தகட்டையே எடுத்துக்குங்க. வானம் பாக்கறவங்க அதத்தான் கேப்பாங்க" என்றார் கடைக்காரர்.

"எழுத்து திரும்பித் தெரியுதுங்க."

"நீங்க வானத்துல போயி போர்டா படிக்கப் போறீங்க? நட்சத்திரத்துக்கு ஏதுங்க சோத்தாங்கை, பீச்சாங்கை?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வெளியேறிவிடலாம் என்றுதான் இருந்தது. வியாழனுக்கும் தகடே நல்லது. ஆனால் தகட்டில் பார்த்தால் வடகோடு தென்கோடாகிவிடும். மாமனார் கண்டதைத்தான் சொல்வார். ஊர் விதைக்காமல் நிற்கும், அல்லது ஊரே சிரிக்கும்.

"எங்க பிறைக்கு இருக்குதுங்க" என்றேன். அத்தனை பேர் நடுவில் விதைப்பையும் மாமனார் கண்ணையும் பற்றிச் சொன்னேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது. கடைக்காரர் சிரிப்பதை விட்டுவிட்டு, கட்டியை மெல்லிய துணியால் துடைக்க ஆரம்பித்தார். "அப்படின்னா இதுதானுங்க. பனி ஏறாம பாத்துக்குங்க" என்றார்.

வைகாசிப் பிறையன்று ஊரே களத்துமேட்டில் கூடிவிட்டது. பங்காளி ஒருவர், "இந்தக் கொழாய நம்பியா வெதைக்கறது?" என்றார்.

"நீங்களும் வந்து பாருங்க. வாயத் தொறக்காமப் பாருங்க" என்றாள் என் மனைவி.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து வெறும் கண்ணால் பிறையைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். பிறகு விலகி மாமனாருக்கு வழிவிட்டார்.

மாமனார் நெடுநேரம் குனிந்தே இருந்தார். அவருடைய வலக்கை மெல்ல மேலே எழுந்தது.

"வடக்க தூக்கியிருக்குது. வெதைங்க சாமி."

களம் முழுக்க ஒரே பேச்சும் சிரிப்புமானது. யார் காட்டில் முதல் ஏர் என்று வாதம் கிளம்பியது. மாமனார் மட்டும் குழாயை விட்டு நகரவில்லை.

"மாப்ள, நெலாவுல என்னமோ குழிகுழியாத் தெரியுதே. இன்னுங் கொஞ்ச நேரம் பாக்கட்டுங்களா?" என்றார்.