சாப்பாட்டுப் பெட்டியில் வந்த இரண்டாவது பாம்பு

இரண்டு வருஷத்துக்கு முன், ஓர் ஆடி மாதத்தில், இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இது நடந்தது. ஆடியில் எங்கள் பக்கம் பார்த்தால் மலை இருக்காது, மூடுபனிதான் இருக்கும். பக்கத்து வீட்டுக் கோழி கூவினால் அது வானத்திலிருந்து கூவுகிற மாதிரிக் கேட்கும். அந்த மாதத்தில் நடக்கிற எதையும் இன்றைக்கு நினைத்தாலும் பாதி கனவு போலத்தான் தோன்றுகிறது.

அப்போது நான் ஒரு பாம்பு வளர்த்தேன். சிரிக்காதீர்கள். லீக்ஸ் பாத்தி கொத்தும்போது மண்ணுக்குள்ளிருந்து வந்த பாம்பு அது. ஒரு சாண் நீளம், கபில நிறம், விஷம் கிடையாது. சிங்களத்தில் மெடில்லா என்பார்கள். மண்வெட்டியில் அடிபடாமல் தப்பிய அதைப் பழைய மீன் தொட்டியில் மண்ணும் சருகும் போட்டு வைத்தேன். மண்புழுதான் அதற்குச் சாப்பாடு. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறவள். மெஷினை மிதித்துக்கொண்டே அதோடு பேசிக்கொண்டிருப்பேன். அது பதில் சொல்லாது, குறுக்கேயும் பேசாது. அதுவே பெரிய நிம்மதி.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். எங்கள் வீட்டுப் படை ஒரே ஆள், என் கணவர். அவர் தாராளமாக நடுங்கினார். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலைக்குப் போகிறவர், கத்தி பிடிக்கிற கை. ஆனால் தொட்டி இருக்கிற மூலைப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டார்.

எனக்கோ இன்னொரு ஆசை வந்துவிட்டது. தொட்டியில் அது ஒற்றையாகக் கிடக்கிறதே, துணைக்கு ஒன்று வேண்டாமா என்று. பாம்புக்குத் துணை தேவையில்லை, ஒரே தொட்டியில் இரண்டை விடவும் கூடாது என்று போனில் பார்த்த வீடியோவில் சொன்னார்கள். சரி, பக்கத்துப் பக்கத்து வீடாக இருக்கட்டும் என்று டவுனில் இன்னொரு தொட்டி வாங்கினேன். சுண்டுவிரல் நுழைகிற இடத்தில் பாம்பும் நுழையும் என்பதால் கம்பிவலையை மூலைக்கு மூலை இறுக்கிக் கட்டி, மேலே வைக்க ஒரு செங்கலும் எடுத்து வைத்தேன். வருவது அதே ஜாதியாக, அதே அளவாக இருக்க வேண்டும், முதலில் கொஞ்ச நாள் தூரமாக வைத்துப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். பெண் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு யோசிக்க மாட்டார்கள். காலித் தொட்டியைப் பார்த்து ராத்திரியெல்லாம் நான் புலம்புவதைக் கேட்டுக்கொண்டு அவர் சும்மா படுத்திருப்பார்.

எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து தொடங்கும் நாளில் கவ்வாத்துச் சாமி கும்பிடுவார்கள். கத்திகளை எல்லாம் சாமிக் கல்லின் முன்னால் வைத்து, கையில் காலில் வெட்டுப்படக் கூடாது என்று தேங்காய் உடைப்பார்கள். அன்றைக்கு அந்தக் கத்தி செடியைத் தவிர வேறு எந்த உயிர்மேலும் படக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் கட்டுப்பாடு. பூச்சி பொட்டு வந்தால்கூட ஒதுக்கித்தான் விடுவார்கள்.

அந்த ஆடியில் சாமி கும்பிட்ட அன்றைக்கு மத்தியானம் அவர் பனிக்குள்ளிருந்து வந்தார். முதலில் கம்பளி மட்டும்தான் தெரிந்தது, பிறகு அவர் முகம். ஏதோ பரிசு வாங்கின பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. கம்பளிக்குள் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்த சாப்பாட்டுப் பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"இந்தா, ஒனக்குத்தான். ஒத்தையா கெடக்கு, ஒத்தையா கெடக்குன்னு பொலம்பிக்கிட்டே இருந்தீல்ல?"

தொட்டிப் பக்கம் வராத மனுஷன், செடிக்கடியில் சருகுக்குள் ஒன்றைக் கண்டு, சருகோடு சேர்த்துக் கையாலேயே பெட்டிக்குள் தள்ளி, அத்தனை தூரம் நெஞ்சில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். கண் கலங்கிப் போனது.

ஜன்னலோரம் வைத்து மூடியைத் திறந்தேன். ஈரச் சருகு. நடுவில் கபில நிறத்தில் சுருண்டு ஒரு குட்டி. அதன் பக்கத்தில் ஒரு புழு மெல்ல நெளிந்துகொண்டிருந்தது. பாருங்கள், சாப்பாடும் சேர்த்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாரே என்று நினைத்தேன். புழுவை எடுத்துத் தனியாக வைக்கலாம் என்று விரலை நீட்டினேன். வெளியே பனி ஜன்னலை வந்து வந்து தொட்டது. அந்தப் புழு அசைவது அவ்வளவு அழகாக இருந்தது, பார்க்கப் பார்க்கத் தூக்கம் வருகிற மாதிரி.

தினம் மண்புழு பொறுக்குகிறவள் நான். எங்கள் மண்ணில் புழு சிவப்பாக இருக்கும். இது மஞ்சள். மஞ்சள் புழு ஏது? விரல் அப்படியே நின்றது. புழுவின் மறு நுனியைக் கண்ணால் தேடிப் போனேன். அது பாம்பில் போய் முடிந்தது. நான் புழு என்று நினைத்தது அதன் வால் நுனி. தவளையை ஏமாற்றிக் கிட்டே வரவைக்க வாலை அப்படி ஆட்டுமாம், பிறகு தெரிந்துகொண்டேன். தலையைப் பார்த்தேன். மூக்கு மேலே நிமிர்ந்திருந்தது. குனகட்டுவா! தேயிலை மலையில் எத்தனையோ பேரைக் கடித்த விரியன். அதன் குட்டி.

மூடியை எப்படிப் போட்டேன் என்று தெரியாது. செங்கலைத் தூக்கி மேலே வைத்தேன். அடுத்த நிமிஷம் அவர் கைகளைப் பிடித்து இழுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

"ஏங்க, கடிச்சுச்சா? எங்கயாச்சும் சுருக்குன்னுச்சா?"

"தெரியலயே புள்ள. நான் பயத்துல அரைக்கண்ண மூடிக்கிட்டுத்தான் தள்ளுனேன்."

பெரிய குனகட்டுவாவை எத்தனையோ தடவை கண்டவர்தான். ஆனால் சருகுக்குள் பாதி உடம்பை, அதுவும் அரைக்கண்ணால் பார்த்தால் என்ன தெரியும்? கவ்வாத்துக்காரர் கையில் கீறல் இல்லாத இடம் கிடையாது. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். குச்சி குத்தியதாக இருக்கும் என்றார். இருக்கும் என்றால் போதுமா? பக்கத்து வீட்டு அண்ணனின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பனியில் ரோடு தெரியவில்லை. ஆட்டோ நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. அவர் கை என் மடியில் இருந்தது. அது வீங்குகிறதா வீங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பாதை இன்னும் முடியாத மாதிரி எனக்குச் சில இரவுகளில் கனவு வரும்.

டொக்டர் பார்த்துவிட்டுக் குச்சிக் கீறல் மாதிரித்தான் இருக்கிறது, ஆனாலும் இருக்கட்டும் என்று இரத்தம் எடுத்துப் பார்த்து, மறுநாள் காலைவரை வார்டில் வைத்திருந்தார். கை வீங்கவில்லை. அவரோ கட்டிலில் உட்கார்ந்து, "பெட்டிக்குள்ள அது நல்லாருக்கான்னு பக்கத்து வீட்டுக்கு போன் போட்டு கேளேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் நானே கடித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அண்ணன் தடியோடு நின்றார். "சாமி கும்பிட்ட நாளு நேத்தோட போச்சு. இன்னைக்கி அடிக்கலாம்" என்றார். என் கணவர் தலையாட்டி மறுத்தார். பெட்டியைக் கயிற்றால் கட்டி, நீளக் கம்பில் தொங்கவிட்டு, தேயிலைக்கு மேலே இருக்கிற காட்டு ஓரத்துக்கு இருவரும் போனோம். பெட்டியைத் தரையில் இறக்கி, கம்பாலேயே கயிற்றை நழுவவிட்டு மூடியைத் தட்டி விட்டார். அது ஒரு தரம் வாலை நெளித்தது, பிறகு பனிக்குள் போய்விட்டது. இந்த முறை இரண்டு கண்ணையும் திறந்துதான் பார்த்தார்.

என் பழைய பாம்பையும் அன்றைக்கே லீக்ஸ் பாத்தியில் விட்டுவிட்டேன். காட்டுப் பிராணியை வீட்டில் அடைத்து வைப்பது சட்டப்படியும் சரியில்லையாம். அதன் பாதுகாப்பான வீடு என் தொட்டி இல்லை, அந்த மண்தான் என்று புரிய எனக்கு இப்படி ஒரு நாள் தேவைப்பட்டது. இரண்டு தொட்டியிலும் இப்போது கோவா என்கிற முட்டைக்கோஸ் நாற்று வளர்கிறது.

அவர் இன்றைக்கும் மலையிலிருந்து எதையாவது கொண்டுவருவார். காட்டுப் பூ, கொய்யாப்பழம், ஒரு தரம் தேன்கூடு. எதை நீட்டினாலும் நான் முதலில் அவர் கையைத்தான் பார்க்கிறேன். அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான், எனக்கு என்ன கொண்டுவந்தார் என்று பார்க்கிறேன்.