எட்டாம் நம்பர் வீட்டு வேட்பாளர்

என் மனைவி பிரதேச சபைத் தேர்தலில் நின்ற கதையை ஹட்டன் ஆட்டோ ஸ்டாண்டில் நான் சொல்லாத வாரமே இல்லை. கேட்கிறவர்களுக்கு அது சிரிப்புக் கதை. எனக்கும் முக்கால்வாசி சிரிப்புத்தான்.

அவள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறாள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. வேட்பாளர் பட்டியலில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது சட்டம். கடைசி நாள் நெருங்கியும் ஆள் கிடைக்காமல், கட்சி அமைப்பாளர் ஒரு மழைநாளில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். கையெழுத்து மட்டும் வைங்க, மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

அவளிடம் போய் ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று சொன்னாரே, பாவம் மனிதர். கல்யாணமான நாளிலிருந்து நான் செய்யாத தப்பு அது.

கோயில் மண்டபத்தில் வேட்பாளர்களின் கொள்கையைக் கேட்க ஒரு கூட்டம் வைத்தார்கள். ஒருவர் பல்கலைக்கழகம் கொண்டுவருவேன் என்றார். இன்னொருவர் மலைக்கு மலை கம்பியில் தொங்கிப் போகிற வண்டி விடப்போவதாகச் சொன்னார். இவள் முறை வந்தது. காகிதம்கூட இல்லாமல் எழுந்தாள்.

"ரெண்டே விசயந்தான். கொழுந்து மலையில பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் வேணும். அப்புறம் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் ஒரு நம்பர் வேணும். கடுதாசி வாசலுக்கு வரணும். டவுன்ல எல்லாம் சபைதானே நம்பர் போடுது? எங்களுக்கும் போடட்டும்."

உட்கார்ந்துவிட்டாள். அமைப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னக்கா, வீடு, காணின்னு பேசுவீங்கன்னு பாத்தா நம்பர் கேக்குறீங்க. நம்பருக்கு யாரு ஓட்டுப் போடுவா?"

"வீடும் காணியும் நீங்கதான் ஒவ்வொரு எலக்சனுக்கும் குடுக்குறீங்களே தம்பி. அதுல நான் எதுக்குக் குறுக்க?"

அவள் நம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றதற்குக் காரணம் எங்கள் மகள். எங்கள் தோட்டத்தில் இத்தனை குடும்பத்துக்கும் ஒரே விலாசம், தோட்டத்தின் பெயர். தபால் எல்லாம் ஆபீசுக்குப் போகும். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். போன வருடம் மகளுக்கு ஆஸ்பத்திரித் தாதிப் பயிற்சிக்கான நேர்முகக் கடிதம் வந்தது. கீழ்ப் பிரிவில் அதே பெயரும் அதே முதலெழுத்தும் கொண்ட ஓர் அம்மா இருக்கிறார். கூப்பிட்டதும் அவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அரசாங்க முத்திரையைப் பார்த்ததும் நிவாரணக் கடிதம் என்று நினைத்து, குங்குமம் வைத்து, சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகிவிட்டார். கொழும்பில் வேலை செய்யும் அவர் மகன் லீவில் வந்து பிரித்துப் பார்த்தபோது நேர்முகம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அந்த அம்மா எங்கள் வாசலில் வந்து அழுதார். என் மகள் அழவில்லை. அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். நான்தான் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அன்று முழுக்க ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மகள் மறுபடியும் விண்ணப்பம் போடுகிற நேரத்தில்தான் தேர்தலும் வந்தது. சபை வந்து நம்பர் போடும்வரை காத்திருக்க என் மனைவிக்குப் பொறுமை இல்லை. தோட்டத்துத் தபால்காரரைப் பிடித்தாள். "நம்பர் இருந்தா நானே வாசல்ல போட்டுட்டுப் போயிருவேன், பெரட்டுல தொண்ட கிழியக் கத்துற வேல மிச்சம்" என்றார் அவர். ஒரு டின் நீலப் பெயின்ட் வாங்கி வந்தேன்.

எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடு. கோயில் பக்கமிருந்து எண்ணினால் எட்டு என்பது ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் விழுந்தது. எட்டு ஆகவே ஆகாது என்று அவள் மாமியார் வாசலை மறித்து நின்றுவிட்டார். என் மனைவி பைப் பக்கமிருந்து திருப்பி எண்ணச் சொன்னாள். எட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் முணுமுணுத்தேன். "ஏங்க, ஓட்டுக் கேக்குற வீட்டுக்கு இதுகூட முடியலன்னா எப்படி?" என்று பிரஷ்ஷை என் கையில் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் பொலிஸ் வந்தது. சுவரில் தேர்தல் விளம்பரம் எழுதியிருப்பதாக யாரோ முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். அதிகாரி ஒன்று முதல் பன்னிரண்டு வரை நடந்து பார்த்தார். தேர்தல் நம்பர் என்று நினைத்து, இதில் உன் நம்பர் எது என்று என் மனைவியிடம் சிங்களத்தில் கேட்டார்.

"நே சேர், மே கெவல் நொம்மர" என்றாள். இதெல்லாம் வீட்டு நம்பர்தான் என்று.

அப்படியானால் இவ்வளவு நாளும் நம்பர் இல்லாமலா இருந்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு, லயமே ஆமாம் என்றது. அவர் கினிகத்தேனை டவுன்காரர். தன் வீட்டு நம்பரைச் சொல்லிச் சிரித்தார். புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு, பிளேன் டீ குடித்துவிட்டுப் போனார்.

தேர்தலில் அவள் தோற்றாள். நன்றாகவே தோற்றாள். மறுநாள் காலையில் வழக்கம்போலப் பிள்ளைக்காம்பராவைத் திறக்கப் போய்விட்டாள்.

மகளின் நேர்முகக் கடிதம் குறித்த தேதிக்கு ஐந்து நாள் முன்னதாகவே வாசலுக்கு வந்தது. போய் வந்தாள். கேட்ட கேள்விகளையெல்லாம் ஒரு வாரம் எங்களுக்குச் சொல்லிக் காட்டினாள். அடுத்த மாதம் முடிவும் வாசலுக்கே வந்தது. பிரித்து வாசித்தாள். தெரிவாகவில்லை.

போன வருடம் அழாத பிள்ளை அன்று அழுதாள். இந்த நம்பரைப் போடாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட எனக்குத் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தை அம்மாவிடம் நீட்டினாள்.

"இந்தத் தடவ என்னயப் பாத்துட்டுத்தாம்மா வேணாம்னு சொல்லியிருக்காங்க."