சரி என்ற பொத்தான்

என் மகள் கண்டிக்கு அருகே பல்லேகலையில் வேலை செய்கிறாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "பொதி கட்டுற வேலை" என்பேன். கேட்டவர்கள் அங்குள்ள ஆடைத் தொழிற்சாலைகளை நினைத்துக்கொண்டு, படித்த பிள்ளைக்கு இப்படியா என்று இரக்கப்பட்டு, வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். நான் சொன்னது பொய் இல்லை. அவளுடைய நிறுவனம் பார்மசிகளுக்கு ஒரு மென்பொருள் செய்கிறது. லினக்ஸ் கணினியில் ஓடுவது. அதைப் பொதியாகக் கட்டி, கடைக்காரரின் கணினியில் தானே பிரிந்து தன் இடத்தில் உட்காரும்படி செய்வது அவள் பொறுப்பு.

பொதி பிரிவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கும். நீல நிறத் திரையில் அனுமதி ஒப்பந்தம் முழுவதையும் காட்டி, ஏற்கிறீர்களா என்று கேட்கும். ஏற்றால் பிரியும். மறுத்தால் அப்படியே சுருட்டிக்கொண்டு போய்விடும். ஒருமுறை ஏற்றுவிட்டால் கணினி அதை நினைவில் வைத்துக்கொள்ளும், பிறகு எத்தனை தடவை புதுப்பித்தாலும் திரும்பக் கேட்காது.

"கல்யாணம் மாதிரி," என்றேன்.

"கல்யாணத்துல ஆளாவது முன்னாடி நிப்பாங்கம்மா," என்றாள்.

எனக்கும் இந்தப் பொதிக்கும் உள்ள தொடர்பு அவளுடைய மேலாளரால் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் கல்யாணம் செய்து இங்கேயே தங்கிவிட்டவர். ஒப்பந்தம் மூன்று மொழியிலும் இருக்கவேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. நான் கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழில் ஆக்குவது என் தொழில். "உம்மட அம்மாவிட்டக் குடுத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில முடிச்சுப் போடுவா," என்று அவர் மகளிடம் சொல்லி அனுப்பினார். அவள் அப்போது தகுதிகாண் காலத்தில் இருந்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த நிலையில் மேலாளர் சொல்வது வேண்டுகோளா கட்டளையா என்று ஆராய்கிற தைரியம் எனக்கு இல்லை. அவளுக்கு இருந்தது. "நீங்க செய்ய வேண்டாம்மா" என்றாள். நான் செய்தேன்.

முப்பத்துநான்கு பக்கம். எழுதியவர் எந்த நாட்டு ஒப்பந்தத்தைப் பார்த்து எழுதினாரோ, இந்த மென்பொருளை அணு உலைகளை இயக்கப் பயன்படுத்தலாகாது என்று ஒரு பிரிவு இருந்தது. பக்கத்து ஊரான திகனயில் பனடோல் மாத்திரை விற்பவருக்கு அப்படி ஓர் ஆசை இருந்தால் அதை அன்றோடு விட்டுவிட வேண்டியதுதான். இருபத்தேழாம் பிரிவு, கடையின் வாடிக்கையாளர் விபரங்களை நிறுவனமும் அதன் இணை நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்றது. அந்த இடத்தில் 'இணை' பொருந்துமா 'சார்பு' பொருந்துமா என்று அரை மணித்தியாலம் யோசித்தேன். அந்த வாக்கியம் என்ன சொல்கிறது என்று அரை நிமிடமும் யோசிக்கவில்லை. சொல் சரியாக இருந்தால் பொருள் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று இருபத்தைந்து வருடமாக நம்பிச் சம்பளம் வாங்கியவள் நான்.

முப்பத்துநான்கு பக்கமும் சிக்கலில்லாமல் முடிந்தது. சிக்கல் பொத்தானில் வந்தது.

'ஏற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த நீலத் திரை தமிழ் எழுத்துக்குச் செய்யப்பட்டது அல்ல. கொம்பு ஓர் இடத்தில், அதற்குரிய எழுத்து இன்னோர் இடத்தில், புள்ளிகள் யாருடையவை என்று தெரியாமல் நடுவில். வரிசையைக் குலைத்து ஓடிய கூட்டம் போல இருந்தது. சுருக்கமாக வேண்டும் என்றார்கள். 'சம்மதம்' என்றேன். "பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு" என்றாள் மகள். புள்ளியும் பறந்தது. 'ஆம்' என்று எழுத்தில்தான் இருக்கிறது, உயிரோடு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மேலாளர் தொலைபேசியில் வந்து, "'ஓம்' எண்டு போடுங்கோவன் அக்கா, தமிழ் ஆக்கள் எல்லாரும் ஓம் எண்டுதானே சொல்லுறது?" என்றார். "உங்க ஊர்ல, சேர்" என்றாள் பக்கத்தில் நின்ற மகள். "எங்க ஆளுங்க கன்னத்துல போட்டுக்கிட்டு அடுத்த மந்திரத்துக்குக் காத்திருப்பாங்க." எங்கள் மலையகத்து 'ஆமா' அவருக்குக் கொச்சையாகப் பட்டது.

கடைசியில் 'சரி' என்றேன். இரண்டே எழுத்து. புள்ளி இல்லை, கொம்பு இல்லை, திரையில் அசையாமல் நின்றது. யாழ்ப்பாணத்தாரும் சொல்லுவார், தேயிலைத் தோட்டத்து ஆளும் சொல்லுவார், முஸ்லிம்களும் சொல்லுவார்கள். எதிர்ப் பொத்தானுக்கு 'வேண்டாம்'. கொம்பும் புள்ளியும் சற்று விலகி நின்றன, மறுப்பவர்களுக்கு அது போதும் என்று விட்டுவிட்டார்கள். எல்லாருக்கும் திருப்தி. எனக்கு அதைவிட அதிகம். மூன்று பேச்சையும் ஒரு சொல்லில் கட்டிவிட்ட பெருமையில் அன்று இரண்டாவது தேத்தண்ணி குடித்தேன்.

மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அதிகாரி "நாளைக்கு வாங்க" என்பார், கம்பளையிலிருந்து மூன்றாவது தடவையாக வந்தவர் "சரி" என்பார். அவர் சம்மதிக்கிறாரா? வீட்டில் "ஆறு மணிக்குள்ள வந்துடு" என்பேன், மகள் "சரிம்மா" என்பாள், ஏழரைக்கு வருவாள். அவள் வாக்குத் தவறவில்லை, வாக்கே கொடுக்கவில்லை. நம்மிடையே 'சரி' என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, இனி நிறுத்தலாம் என்று அர்த்தம். இதற்கு அகராதி தேவையில்லை. தமிழ்ப் பிள்ளை ஒன்றைப் பெற்றிருந்தால் போதும்.

பொதியை முதலில் பிரித்த கடைகளில் ஒன்று திகனயில். அதன் முதலாளிக்கு ஐம்பது வயதிருக்கும், எங்கள் பகுதி முஸ்லிம், அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல நாங்களும் 'நானா' என்போம். மகள் நேரில் போயிருந்தாள். நீலத் திரை வந்ததும், "நானா, ஒருக்கா வாசிச்சுப் பாருங்க" என்று தன் கதிரையை விட்டு எழுந்து இடம் கொடுத்தாளாம். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், கீழே இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். "மகள், வெளிய மனிசன் பிரஷர் குளுசைக்கு நிக்கிறார். சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினார். அவர் வாயால் சொன்னதும் திரையில் இருந்ததும் ஒரே சொல். அன்று அது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது, எனக்கும்.

சில மாதங்களில் அவருடைய வாடிக்கையாளர்களின் தொலைபேசிகளுக்குக் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கின. சீனி வருத்தத்துக்கு மருந்து வாங்கியவர்களுக்குப் பாகற்காய்க் குளுசை விளம்பரம். பொதுவான விளம்பரம் இல்லை, 'உங்கள் சீனி நோய்க்கு' என்று உரிமையோடு தொடங்கும் விளம்பரம். தன் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர் தன் நோயை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருக்கவில்லை. அவர்கள் வீட்டுக்கு வந்திருந்த நேரம், கண்ணாடி இல்லாததால், வந்த செய்தியை மாப்பிள்ளையின் அண்ணனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். கல்யாணம் நின்றது. அவர் நேரே பார்மசிக்குப் போய் எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறார்.

பார்மசிக்காரர் நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார். நிறுவனம் ஒப்பந்தத்தின் இருபத்தேழாம் பிரிவை எடுத்துக் காட்டியது. "நான் ஒத்துக்கொள்ளல்ல" என்றார் அவர். அப்போதுதான் எல்லாரும் பொத்தானைப் பார்த்தார்கள், பொத்தானில் என்னைப் பார்த்தார்கள்.

பல்லேகலைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அரை நாள் லீவு போட்டேன். வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்: அவளுடைய வேலை நிரந்தரமாகும் கடிதம் அந்த மாதம் வரவேண்டும். அது வரட்டும். 'சரி' என்றால் சம்மதமா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுவது. அகராதியிலும் அப்படி ஒரு பொருள் இருக்கத்தான் செய்கிறது. இதை அவளிடம் சொல்லவில்லை.

அறையில் மேலாளர், பார்மசிக்காரர், மகள், நான்.

"இருங்கோ அக்கா. தேத்தண்ணி குடிக்கிறியளே?" என்ற மேலாளர், பதிலுக்குக் காத்திராமல் கணினியை என் பக்கம் திருப்பினார். "நானாவுக்கு நீங்கள்தான் தமிழை விளங்கப்படுத்த வேணும்."

"எனக்குத் தமிழ் விளங்கும்," என்றார் பார்மசிக்காரர். "நான் சரின்னு சொன்னது, தள்ளுங்க, அடுத்தது என்னன்னு பாப்பம்னு. என்ட கடைக்கு வார மனிசர்ட வருத்தத்த ஊருக்கெல்லாம் சொல்லுங்கன்னு இல்ல."

"வாசிக்காமல் அமத்தினது உங்கட பிழைதானே?"

"நீங்க வாசிச்சீங்களா சேர், முப்பத்தி நாலு பக்கமும்?"

மேலாளர் வாசித்திருக்கவில்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவர் என் பக்கம் திரும்பி வேகமாகப் பேசினார். "அக்கா, நான் இப்பிடி எழுதுறன். 'சரி' எண்ட சொல் முழுச் சம்மதத்தைக் குறிக்கும். வாடிக்கையாளர் விளங்கித்தான் அழுத்தினவர். மொழிபெயர்ப்பில பிழை இல்லை. உங்கட மகளுக்கும் பிரச்சினை வராது. விளங்குதோ?"

"சரி," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.

"சேர்," என்றாள் மகள். "அம்மா சம்மதிக்கல. நீங்க சொன்னது கேட்டுச்சுன்னாங்க, அவ்வளவுதான்."

பார்மசிக்காரர் சிரித்தார், மேசையில் தட்டிச் சிரித்தார். "பாருங்க! எழுதினவங்களே அப்பிடித்தான் சொல்றாங்க!" எனக்குக் காதுவரை சூடேறியது. சம்மதித்தேனா, கேட்டுக்கொண்டேனா என்று எனக்கே தெரியாது. பொய் சொல்லத்தான் வந்திருந்தேன். அதைச் சொல்லும் முன்பே அவள் எனக்காக உண்மையைச் சொல்லிவிட்டாள். அதுவும் தன் வேலையைப் பணயம் வைத்து. மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

மேலாளர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். அந்த ஒரு கடையின் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் செய்தி அனுப்புவதை நிறுத்துவதாக வாக்குக் கொடுத்தார். மற்றக் கடைகளின் நோயாளிகள் முறைப்பாடு செய்யவில்லை, ஆகவே அவர்களுக்குப் பாகற்காய் தொடரும். பார்மசிக்காரர் போனதும் மேலாளர் நான்கு பக்கக் கடிதம் ஒன்றை அச்செடுத்து மகளிடம் நீட்டினார். அவளுடைய விளக்கக் கடிதமாம், ஆங்கிலத்தில் அவரே எழுதி வைத்திருந்தார். "இதில ஒரு சைன் வையும். அடுத்த வாரம் உம்மட கன்ஃபர்மேஷன் கடிதம் வரும்." யாரோ கூப்பிட, வெளியே போனார்.

மகள் வாசிக்கத் தொடங்கினாள்.

"கையெழுத்தப் போடு," என்றேன் மெல்ல.

"வாசிச்சிட்டுப் போடறேன்."

"எல்லாம் வழக்கமா எழுதுறதுதான். போடும்மா."

"இதே மாதிரிதான் நானாவும் நெனச்சாரு."

மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தாள். வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை முழுவதும் வாசித்து விளங்கி ஏற்றதை நான் நேரில் கண்டேன், என்று இருந்தது. கண்டது இவள்தான், கண்டது அது அல்ல. என்னிடம் எதுவும் கேட்காமல் பேனையை எடுத்து அந்த வரியைக் குறுக்கே வெட்டினாள். பக்கத்தில் தன் சுருக்கக் கையொப்பத்தை இட்டாள். நான்காம் பக்கத்தின் அடியில் முழுக் கையெழுத்து. வேறு பிரதி எடுக்கச் சொல்லலாமா, மை கொட்டிவிட்டது என்று சொல்லலாமா என்று என்னவெல்லாமோ யோசித்தேன்.

மேலாளர் வந்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கையெழுத்து இருந்தது. "நல்லம்" என்று சொல்லி, நான்கையும் சேர்த்து ஒரு கம்பி அடித்து, கோப்பில் போட்டு, அலுமாரியில் வைத்தார். மூன்றாம் பக்கத்தை அவர் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மகளின் வேலை நிரந்தரமானது.

பொத்தானையும் மாற்றிவிட்டார்கள். இனி எந்த மொழியையும் குறைசொல்ல முடியாதபடி, சொல்லே இல்லாமல், விடை பிழையில்லை என்றால் கணக்கு வாத்தியார் போடுவது போன்ற ஒரு பச்சை அடையாளம். அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று அவர்கள் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஊரில் ஒருவரும் எதையும் வாசிப்பதில்லை என்பதை நம்பித்தான் என் மகளின் வேலை நிற்கிறது. கொழும்பிலிருந்து யாரோ கோப்புகளைப் பார்க்க வருகிறார்களாம் என்று போன மாதம் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாமி படத்துக்கு முன் நின்று, யாரும் எதையும் வாசித்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நேற்றுக் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டேவிட்டேன். "மூணாம் பக்கத்தப் பாத்துட்டா என்னடி செய்வ?"

அவள் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். "பாக்கணும்னுதானேம்மா வெட்டின வரிக்குப் பக்கத்துல பேரை எழுதினேன். இல்லாட்டிப் பேசாம கையெழுத்து மட்டும் போட்டிருப்பேனே."

பஸ் வந்துவிட்டது, ஓடினாள். நான் வாசலிலேயே நின்றேன். "சரி" என்றேன், அதற்குள் அவள் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.