மூணு க்ரிப்பு போட்டா சிக்ஸர் பறக்குமா?

பேட்டுக்கு க்ரிப்பு மாட்டுறது அஞ்சு நிமிஷ வேலை. மாட்ட வந்தவர் சொல்ற ஐடியாவைக் கேட்டு முடிக்கத்தான் அரை நாள் ஆகும். மயிலாப்பூர்ல ஒரு ஸ்போர்ட்ஸ் கடையில, பின்பக்கம் ஸ்டூலைப் போட்டுக்கினு நான் பாக்குற வேலை இதுதான். கஸ்டமர் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டி கழுத்துவலி வாங்கினவங்க யாராவது இதைப் படிச்சா, நீங்களும் நம்ம ஆளுதான். தள்ளி உக்கார்றேன், வாங்க.

நம்மகிட்ட வர்றவங்கள்ல பாதிப்பேருக்குப் பேட்டோட கைப்பிடி மெலிசா இருக்குன்னு குறை. அதுக்கு வழி சிம்பிள். ரப்பர் க்ரிப்பை ஒரு மரக் கோன்ல சுருட்டி, பவுடர் தூவி, பழைய க்ரிப்பு மேலயே உருட்டி இறக்கினா பிடி தடிக்கும். எத்தனை இறக்கணும்னு கை சொல்லணும். நம்ம ஊர்ல அதை செல்போன் சொல்லுது.

பல் டாக்டரும் மூணு க்ரிப்பும்

அடையாறுல ஒரு பல் டாக்டர். அவங்க அபார்ட்மென்ட் டீமுக்கு அவர்தான் கேப்டன். புது பேட்டை நீட்டி, "மூணு க்ரிப்பு போடுங்க. வீடியோல பாத்தேன், சிக்ஸர் அடிக்கிறவன் எல்லாம் மூணுதான் போடுறான்"ன்னார். "சார், அவன் கை முறம் மாதிரி இருக்கும். உங்களுது பல்லு புடுங்குற கை. ஒண்ணே போதும்"னேன். என்னைப் பாத்த பார்வை இருக்கே, நானே பல்லைக் காட்டிக்கினு அவர் சேர்ல படுத்துக் கிடக்குற மாதிரி இருந்துச்சு. சரின்னு மூணையும் ஏத்திக் குடுத்தேன்.

அடுத்த வாரம் வந்து, "மணிக்கட்டு திரும்பவே இல்ல, ஒண்ணைக் கழட்டுங்க"ன்னார். அதுக்கு அடுத்த வாரம், "முழங்கை வரைக்கும் பிடிக்குது, இன்னொண்ணையும் கழட்டுங்க"ன்னார். கழட்டினேன். மிச்சம் ஒண்ணு. முதல் நாள் நான் சொன்ன அதே ஒண்ணு. நான் சொன்னது ஞாபகம் வந்து ஏதாவது பேசுவார்னு பாத்தேன். பேசினார். "அந்த வீடியோல கை வலிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லலையேப்பா!"

வேட்டியைக் கிழிச்ச மாமா

மாடவீதிப் பக்கம் ஒரு மாமா. ரிட்டயர் ஆனப்புறம் கிரிக்கெட் பித்து தலைக்கேறி, ஞாயித்துக்கிழமை சீனியர்ஸ் மேட்ச் ஆடுறவர். க்ரிப்பு வாங்குறது தண்டச்செலவுன்னு, பழைய வேட்டியை நாடாவா கிழிச்சு கைப்பிடியில சுத்தி, அதுமேல எலக்ட்ரீஷியன் ஒட்டுற கறுப்பு டேப்பை வரிஞ்சிருக்கார். வெயில்ல பசை உருகிடுச்சு. ரன் ஓடி முடிச்சும் பேட்டு கையை விடலையாம். அம்பயர் ஒருபக்கம் இழுக்க, மாமா மறுபக்கம் இழுக்க, ஆட்டம் அஞ்சு நிமிஷம் நின்னிருக்கு.

"ஆத்துலயே பிரமாதமா பண்ணிட்டேன்ப்பா, இந்தப் பசைதான் சதி பண்ணிடுத்து"ன்னு பேட்டை என் மடியில வெச்சார். தேங்காண்ணெயைத் தடவி, பழைய பிளேடால சுரண்டிச் சுரண்டி, ஒரு மத்தியானமே போச்சு. என் நகமெல்லாம் கறுப்பு. சுத்தமா எடுத்துக் குடுத்தப்போ மாமா என்னைக் கோவமா பாத்தார். "தேங்காண்ணெய்ல போயிடும்னா, அதை முன்னாடியே சொல்லப்படாதோ?"

நான் வாயை விட்ட கதை

இப்படியே பாத்துப் பாத்து, க்ரிப்புன்னு வாயைத் தொறந்தாலே நக்கல்தான் வரும் எனக்கு. ஒரு வியாழக்கிழமை, பட்டினப்பாக்கத்துலேர்ந்து காசின்னு ஒரு ஆளு, கூட்டாளி மணியோட வந்தான். கடலுக்குப் போறவன், முப்பது வயசு இருக்கும். "தல, மூணு க்ரிப்பு போடு. ஞாயித்துக்கெழம மேட்ச் கீது"ன்னான். "ஏன் மூணோட நிறுத்திட்டே? ஆறு போட்டா உலக்கை ஆயிடும், மாவு இடிக்கலாம்"னேன். கடையில நின்ன நாலு பேரும் சிரிச்சாங்க. காசி சிரிக்கல. இடது கையை லுங்கி மடிப்புலேர்ந்து எடுக்காமயே, "சரி வுடு தல"ன்னு பேட்டை வாங்கிக்கினு எறங்கிட்டான்.

மணி மட்டும் திரும்பி வந்தான். படகுக் கயிறு சுத்தி காசிக்கு இடது கையில ரெண்டு வெரல் ஒடைஞ்சுதாம். எலும்பு சேந்துடுச்சு, வெரல் முழுசா மடங்கல. வலதுகை ஆட்டக்காரனுக்கு இடது கைதான் மேல்பிடி; அது நழுவினா பேட்டே திரும்பிக்கும். ஒம்பது வருஷமா அந்த டீமுக்கு முதல்ல எறங்குறவன் காசிதான். ஞாயித்துக்கெழம பேட்டைப் புடிக்க முடியலைன்னா, அந்த எடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டு மணி கடைசியா ஒண்ணு சொன்னான். "அவன் இன்னா ஸ்டைலுக்கா கேட்டான் நைனா? வெரல் எதுவரைக்கும் மடங்குதோ, அதுவரைக்கும் பிடி எழுந்து வந்தாத்தான் அவனுக்கு பேட்டு."

குத்த உணர்ச்சியில செஞ்ச வேலை

ஓடிப்போய் காசியைக் கூட்டியாந்தேன். அப்புறம் பண்ணேன் பாருங்க, அது டாக்டர் பண்ணதைவிட மோசம். சிரிச்சுட்டோமேன்னு வெக்கத்துல, கையைக்கூட அளந்து பாக்காம, கேட்ட மாதிரியே மேலேர்ந்து கீழ வரைக்கும் மூணு க்ரிப்பை ஏத்திக் குடுத்துட்டேன். மன்னிப்பு கேக்குறதுக்குப் பதிலா ரப்பரு.

சனிக்கிழமை காலையில கடை தொறக்குறதுக்கு முன்னாடியே காசி வாசப்படியில நின்னான். கடற்கரையில ஆடிப் பாத்திருக்கான். திட்டுவான்னு நெனச்சேன். பொறுமையாத்தான் சொன்னான். "மேல் கை ஓகே தல. கீழ் கைதான் செத்துப்போச்சு, பேட்டை சுத்தவே வுடமாட்டேங்குது."

பேப்பர் சுத்தின அளவு

மூணையும் உரிச்சுப் போட்டேன். காசியைப் பிடிக்கச் சொல்லி, மேல்பிடியில மட்டும் தினசரிப் பேப்பரை ஒரு சுத்து, ரெண்டு சுத்துன்னு சுத்திக்கினே வந்தேன். ஒவ்வொரு சுத்துக்கும், "அழுத்து"ன்னேன். ஒடைஞ்ச ரெண்டு வெரலும் பிடியைத் தொடாம காத்துலயே நின்னுச்சு. எட்டாவது சுத்துல ரெண்டு வெரல் நுனியும் பிடியில பட்டுச்சு. அவன் இன்னொரு வாட்டி அழுத்திப் பாத்துக்கினான்.

அந்தத் தடிமனுக்கு மேல்பாதியில மட்டும் நூலைச் சுத்தி, ஒரு க்ரிப்பைப் பாதியா வெட்டி அதுமேல ஏத்தி, கடைசியா முழு க்ரிப்பு ஒண்ணை எறக்கினேன். மேல தடி, கீழ மெலிசு. ரெண்டு மணி நேரம் ஆச்சு. தூத்துக்குடிக்காரர் எங்க மொதலாளி அண்ணாச்சி, கல்லாவுலேர்ந்தே எல்லாத்தையும் பாத்துக்கினு இருந்தார். "தடிச்ச பிடி கேட்டாம்னா, தடிச்ச பிடி வச்ச புது பேட்டை எடுத்து நீட்ட வேண்டியதுதானடே? பேப்பரச் சுத்தி வெளயாடிட்டு இருக்க!"

திங்கக்கிழமை

ஞாயித்துக்கெழம கடையில எனக்கு வேலையே ஓடல. ரெண்டு பேட்டுக்கு க்ரிப்பைத் தலைகீழா மாட்டினேன். மேட்ச் என்னாச்சுன்னு யாருக்கு போன் போடுறது, நம்பரே வாங்கலையே.

திங்கக்கிழமை காசி வந்தான். முப்பத்தொரு ரன்னாம். ரன் அவுட்டாம், எதிர்ல நின்னவன் ஓடல. பேட்டு ஒரு வாட்டிகூட கையில திரும்பலையாம். அவன் எடம் அவனுக்கே. இதெல்லாம் சொன்னது மணி. காசி என் ஸ்டூல் பக்கத்துல ஒரு பொட்டலம் வஞ்சிரத்தை வெச்சுட்டு, இடது கையை வெளிய நீட்டி, "உலக்கை நல்லா இடிச்சிச்சு தல!"ன்னான்.

காசி மாடல்

கதை இங்கியே முடிஞ்சிருந்தா நான் நல்ல மனுஷனா ஆயிருப்பேன். அடுத்த சனிக்கிழமை அதே டீமுலேர்ந்து ஏழு பேரு, ஏழு பேட்டோட வந்து வரிசையா நிக்கிறானுங்க. "காசிக்குப் போட்ட மாதிரியே, மேல தடியா, கீழ மெலிசா போடு தல." நான் ஒவ்வொருத்தன் கையாப் புடிச்சு மடக்கிப் பாத்தேன். எழுபது வெரலும் சும்மா ஜம்முனு மடங்குது. "உங்களுக்கு எதுக்குடா இது? வெரல் நல்லாத்தானே மடங்குது?"ன்னு கேட்டேன். முன்னாடி நின்னவன் கொஞ்சங்கூட கூச்சப்படாம சொன்னான். "மடங்குது தல, ஆனா ரன்னு வரலையே!"

வெரல் மடங்காதவனுக்கு ஒண்ணரை க்ரிப்பு போதுமா இருக்கு. வெரல் மடங்குறவனுக்குத்தான் எத்தனை போட்டாலும் பத்த மாட்டேங்குது.