ஒரே ஓட்டத்தில் ஒரு தையல்

என் அக்கா தையல்காரி. அவள் தைத்த துணியை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும்: எந்தத் தையலும் ஒரே ஓட்டத்தில் போயிருக்காது. ஒரு சாண் போகும், நிற்கும், மறுபடி கிளம்பும். கிளம்பிய இடத்தில் நூல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கொஞ்சம் தடித்திருக்கும். தொழில் தெரியாமல் இல்லை. தைப்பதற்கு நடுவே புருஷனை உயிரோடு வைத்திருக்கும் வேலையும் அவளுக்கு இருந்தது.

அத்தானுக்கு ரொட்டி ஃபாக்டரியில் அடுப்பு வேலை. ராத்திரி முழுக்கத் தட்டுகளை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதும்தான். காலையில் புருவத்தில் மாவோடு வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தால் கச்சேரி ஆரம்பம். கீழே சைக்கிள் கடை வைத்திருப்பவர் மாடியைப் பார்த்துக் கேட்பார்: "என்னம்மா, மேல மர அறுவை மில்லு ஏதாவது வெச்சிருக்கீங்களா?" அக்கா சிரித்துக்கொண்டே சொல்வாள்: "சத்தம் வந்தா நல்லதுண்ணே. வரலேன்னாத்தான் பயம்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் குறட்டை சட்டென்று அறுந்துவிடும். நெஞ்சு மேலும் கீழும் போகும், காற்று மட்டும் போகாது. தூக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துக்கொள்கிறது என்று டாக்டர் சொன்னது ரொம்பப் பிற்பாடு. அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அக்கா தன் வைத்தியத்தைக் கண்டுபிடித்திருந்தாள். இருப்பதே ஒரு அறை. ஜன்னலோரம் தையல் மிஷின், அதற்குக் கையெட்டும் தூரத்தில் கட்டில். குறட்டை அறுந்ததும் மிதியிலிருந்து காலை எடுப்பாள். தலையைச் சாய்த்துக் காது கொடுப்பாள். மூச்சு வராவிட்டால் துணி அளக்கும் மர ஸ்கேலால் அத்தான் தோளில் ஒரு தட்டு. அவர் திணறிப்போய் ஒரு பெரிய மூச்சை இழுத்து, கண்ணைக்கூடத் திறக்காமல் புரண்டு படுப்பார். அக்கா ஸ்கேலை மடியில் போட்டுக்கொண்டு மறுபடி மிதிப்பாள்.

துணி கொடுக்க வருகிறவர்களுக்கும் இது பழகிவிட்டது. அக்கா உதட்டில் விரல் வைத்தால் வாசலிலேயே நின்று, கையாலேயே அளவு சொல்லிவிட்டுப் போவார்கள். நான் அடுத்த தெருவில் பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்குத்தான் ஓடி வருவேன். எனக்கும் உதட்டில் விரல்தான் வரவேற்பு. ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன்.

"ஏன்க்கா, பகல் பூரா இவருக்குக் காவல். சாயங்காலம் சமையல். ராத்திரி அவர் போனதும் மிச்சத் தையல். நீ எப்பத்தான் தூங்குற?"

"தூங்குறேன்டி. நடுவுல நடுவுல."

"அவரு மூச்சு மாதிரியா?"

சிரிப்பை அடக்க முடியாமல் தைத்துக்கொண்டிருந்த துணியை வாயில் அழுத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

முதலில் டாக்டர் ஒரு முகமூடி கொடுத்தார். குழாய் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் இயந்திரம். எத்தனையோ பேருக்கு அது ஒத்துப்போகிறதாம். அத்தானுக்கு ஒத்துவரவில்லை. தூக்கத்திலேயே பிடுங்கி எறிந்துவிடுவார். மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகு டாக்டர் வேறு வழி சொன்னார். காரை எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னக் கருவி. அதிலிருந்து ஒரு கம்பி தாடைக்கு அடியில் நாக்கை அசைக்கிற நரம்புக்குப் போகும். மூச்சு இழுக்கும்போதெல்லாம் அந்த நரம்பை லேசாகத் தூண்டும், நாக்கு முன்னால் நகர்ந்து வழி விடும். எல்லோருக்கும் இதைச் செய்ய மாட்டார்களாம். அத்தானைத் தூங்கவைத்துத் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, இவருக்குச் சரிப்படும் என்றார்கள்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்போ நான் தட்ட வேண்டாமா டாக்டர்?"

"வேண்டாம்மா. அதுவே பார்த்துக்கும்."

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். சந்தோஷமா, வேலை பறிபோன வருத்தமா என்று கேலி செய்தேன். "போடி," என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் கருவியை உடனே ஓட விடமாட்டார்கள். புண் ஆறி எல்லாம் படியவேண்டும், ஒரு மாதம் போகட்டும் என்றார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு அம்மாள் பெரிய வீட்டு ஜன்னலுக்குத் திரை தைக்கத் துணி கொண்டுவந்து போட்டாள். கடல் நிறத்தில், அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நீளமான துணி. அக்கா அதை மடித்து மிஷினுக்குப் பக்கத்தில் தனியாக வைத்தாள்.

"இதை இப்போ தொட மாட்டேன். அவருக்கு அது ஓட ஆரம்பிச்சதும் முதல் வேலை இதுதான். இந்தக் கோடியில காலை வெச்சா அந்தக் கோடியிலதான் எடுப்பேன். நடுவுல நிக்கவே மாட்டேன், பாரேன்."

பட்டுப்புடவை கேட்கலாம், நகை கேட்கலாம். என் அக்கா ஆசைப்பட்டது நிற்காத ஒரு தையலுக்கு.

அந்த மாதம் முடியவில்லை. ஒரு முற்பகலில் அத்தான் தானாகவே விழித்திருக்கிறார். மிஷின் சத்தம் இல்லை. அக்கா மிஷின் மேல் கையை மடித்து, அதில் தலையை வைத்துச் சாய்ந்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து பகலில் அவள் கண்மூடி அவர் பார்த்ததே இல்லை. பாவம், அசந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டார். வெயில் முகத்தில் படாமல் ஜன்னலைச் சாத்தினார். தன் போர்வையை எடுத்து அவள் முதுகில் போர்த்தினார். செருப்புக்கூடப் போடாமல் கீழே இறங்கிப்போய் சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார்: "அண்ணே, கொஞ்ச நேரம் சுத்தியல் சத்தம் வேண்டாம்ணே. அவ தூங்குறா." அவரும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

மத்தியானம் நான் போனபோது அத்தான் வாசலில் நின்று உதட்டில் விரல் வைத்தார். முகமெல்லாம் பெருமை. நான் உள்ளே போய்ப் போர்வையைச் சரிசெய்யத் தொட்டேன். அக்கா சில்லென்றிருந்தாள். அவள் வலது கையில் ஸ்கேல் இருந்தது.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நொடியில் முடிந்திருக்கும், எழுப்பியிருந்தாலும் எழுந்திருக்க மாட்டாள் என்றும் சொன்னார்கள். என் ஆத்திரம் அதையெல்லாம் கேட்கவில்லை. "உங்களை எத்தனை தடவை எழுப்பியிருப்பா! நீங்க ஒரே ஒரு தடவை எழுப்பியிருக்கக் கூடாதா?" என்று ஆஸ்பத்திரி வராண்டாவில் எல்லோரும் பார்க்கக் கத்தினேன். அக்கா கையிலிருந்து நான் எடுத்து வந்திருந்த ஸ்கேலைக் கொடுத்தால் போதும் என்பதுபோல அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கருவியை ஓடவிடும் நாளுக்கு நான்தான் கூட்டிப்போனேன். வர மாட்டேன் என்றவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் மேஜையில் எதையோ அழுத்தினார். அத்தானின் நாக்கு அவரைக் கேட்காமலே பல் வரிசையைத் தாண்டி எட்டிப்பார்த்தது. நாளெல்லாம் வாயைத் திறங்க, நாக்கைக் காட்டுங்க என்று கேட்கிற இடத்தில் வேலை பார்ப்பவள் நான். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஒரு சின்ன ரிமோட் கொடுத்தார். படுக்கும்போது அழுத்தினால் அரை மணி கழித்து, ஆள் தூங்கிய பிறகு வேலையைத் தொடங்குமாம். போடாமல் விட்டால் இருதயம் தாங்காது என்றும் அழுத்திச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் ரிமோட்டை அக்காவின் ஊசி டப்பாவுக்குள் போட்டு மூடினார். அது அங்கேயே கிடந்தது. மத்தியானம் போனால் பழைய கச்சேரிதான். குறட்டை அறுந்ததும் ஸ்கேலை எடுப்பேன். நான் தட்டுவதற்குள் மூச்சு முட்டி அவரே அலறி எழுந்து உட்கார்வார். எழுந்ததும் மிஷின் பக்கம் பார்ப்பார். ஃபாக்டரியில் அடுப்பின் முன்னால் நின்றபடியே தூங்கி, சூடான தட்டில் கையைச் சுட்டுக்கொண்டார்.

அன்று நான் விடவில்லை.

"ஏன் அத்தான் போட மாட்டேங்கறீங்க? சாகணுமா?"

கையிலிருந்த கட்டின் ஓரத்தை நிமிண்டினார்.

"மூச்சு நின்னு முழிக்கிறேன்ல, அப்போ ஒரு நிமிஷம் அவதான் தட்டிட்டான்னு தோணுதும்மா. திரும்பிப் பார்க்கிறவரைக்கும் அவ இருக்கா. அதைப் போட்டுட்டா நான் முழிக்கவே மாட்டேனே. அப்புறம் அவ எப்படி வருவா?"

இந்த மனுஷனையா நான் வராண்டாவில் நிறுத்திக் கத்தினேன் என்று என்மேலேயே வெறுப்பு வந்தது. அந்த நேரம் பார்த்துத் திரைத்துணி அம்மாள் படியேறி வந்தாள். விஷயம் தெரிந்தவள், தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்: "தைக்காட்டியும் பரவாயில்லைம்மா. துணியைக் குடுத்துட்டா வேற எடத்துல பார்த்துக்குவேன்."

"நாளைக்கு வாங்க. தெச்சுத் தர்றோம்," என்றேன்.

அவள் போனதும் அத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எங்க தைக்கத் தெரியும்?"

"நேர்த் தையல் தெரியும். அக்கா சொல்லிக்குடுத்தா. இதுவும் நேர்த் தையல்தான். ஆனா அவ எப்படித் தைக்கணும்னு சொன்னாளோ அப்படித்தான் தைப்பேன். நடுவுல நிக்க மாட்டேன். நீங்க மூச்சை நிறுத்துனா நான் மிஷினை நிறுத்தியாகணும், அப்போ அவ ஆசைப்பட்ட மாதிரி வராது. முடிவு உங்க கையில அத்தான்."

அத்தான் எழுந்து ஊசி டப்பாவைத் திறந்தார். ரிமோட்டைக் கட்டுப்போடாத கையில் எடுத்து, நெஞ்சில் தழும்பு இருந்த இடத்தில் வைத்து அழுத்தினார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. நான் பார்க்காத மாதிரி ஊசியில் நூல் கோத்தேன், பாபினில் நிறைய நூல் சுற்றினேன். கிளினிக்குக்கு ஃபோன் செய்து இன்று வரமாட்டேன் என்று சொன்னேன்.

அழுத அசதியோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் கண்ணயர்ந்தார். குறட்டை வந்தது. அரை மணி ஆனதும் அது தணிந்து, வெறும் மூச்சாக ஆனது. திரையின் ஒரு கோடியை ஊசிக்கு அடியில் வைத்து மிதித்தேன். ஸ்கேல் மடியில் இருந்தது. ஒரு சாண் போனது. அக்காவின் பழக்கம்போல, எனக்கும் கால் நிற்கப் பார்த்தது. காது கொடுத்தேன். மூச்சு வந்துகொண்டிருந்தது. இன்னொரு சாண். இன்னொன்று. கண்ணீர் மறைத்துக்கொண்டு கோடு தெரியவில்லை, துடைக்கக் கை எடுக்கவில்லை. கடல் நிறத் துணி என் காலடியில் குவிந்துகொண்டே போனது.

மறு கோடி வந்ததும்தான் காலை எடுத்தேன். அறையில் அவர் மூச்சு மட்டும் சீராகக் கேட்டது. தையல் கோணல்மாணலாக இருந்தது. அக்கா பார்த்திருந்தால் பிரித்துத் தைத்திருப்பாள்.